பறவைக்கும் ஈரலுருத் தாவரத்துக்கும் ஒரே அளவுகோலா?

கேள்வி: எங்கள் கிணற்றடி வேலியில் குண்டுக்கரிச்சான் ஒன்று விடியற்புறத்தில் பாடுகிறது. மாரி தொடங்கியதும் கிணற்றின் உட்சுவரில் ஈரலுருத் தாவரம் (பாசிக்கு உறவான, பூக்காத சிறு பச்சைத் தாவரம்) படர்கிறது. உயிரினங்களின் அழிவு ஆபத்தை மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் அந்தப் பறவை ‘கவலை குறைந்த இனம்’ என்று உள்ளது. ஈரலுருத் தாவரங்களுள் பலவற்றின் பெயரே அதில் இல்லை. அவற்றுக்கு ஆபத்தில்லை என்று கொள்ளலாமா?
– உயர்தர உயிரியல் மாணவி, சுன்னாகம்

பதில்: கொள்ளக்கூடாது. பெயர் இல்லையென்றால், அந்த இனம் இன்னும் மதிப்பிடப்படவில்லை என்பது மட்டுமே பொருள்.

தாங்கள் ஒப்பிடும் இரண்டும் பாகுபாட்டில் ஒரே படியில் நிற்பவையல்ல. குண்டுக்கரிச்சான், இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட ஓர் இனம். நெடுங்காலம் பூங்குருவிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த அது, மரபணு ஆய்வுகளின் பின்னர் ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றப்பட்டது. ஈரலுருத் தாவரம் என்பதோ ஏறத்தாழ 7,000 இனங்களைக் கொண்ட ஒரு முழுக் கணம் (phylum), அதாவது பாகுபாட்டின் மேற்படிகளுள் ஒன்று. அதற்கு நிகராக நிறுத்த வேண்டியது பறவையை அல்ல, மீனும் தவளையும் மனிதரும் அடங்கும் முதுகுநாணிகளின் கணத்தையே.

பறவைகளில் அறியப்பட்ட ஏறத்தாழ 11,000 இனங்களும் மதிப்பிடப்பட்டுவிட்டன. ஈரலுருத் தாவரங்களில் சிறு பகுதியே மதிப்பிடப்பட்டுள்ளது. ஆர்வலர் குறைவு என்பது ஒரு காரணமே. எண்ணுவதில் உள்ள இடர் அதனினும் பெரிது. பாடும் ஆண் பறவைகளை விடியலில் கேட்டுக் கணக்கிடலாம். ஈரலுருத் தாவரங்களுள் ஒன்றான மார்கான்சியாவோ தன் மேற்பரப்பிலுள்ள சிறு கிண்ணங்களில், புதுத் தாவரமாக வளரக்கூடிய நுண்ணிய முளையங்களை (gemmae) உண்டாக்கி, மழைத்துளி தெறிக்கும் இடமெல்லாம் தன்னையே பெருக்கிக்கொள்வதால், சுவர் முழுவதும் படர்ந்திருப்பது ஒரு தாவரமா நூறு தாவரங்களா என்று கண்ணால் சொல்ல இயலாது. அதனால் நிலத்தில் வளரும் பாசிகளுக்கும் ஈரலுருத் தாவரங்களுக்கும், அவை காணப்படும் ஒரு சதுர மீற்றர் பரப்பை ஒரு தனியன் எனக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. முறையாகத் தேடிய இடத்தில் கிடைத்த விடை கவலைக்குரியது: ஐரோப்பாவில் 2019இல் வெளியான மதிப்பீட்டின்படி, பாசிகளும் ஈரலுருத் தாவரங்களும் அவற்றுக்கு உறவான கொம்புருத் தாவரங்களும் சேர்ந்த தொகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளன.

தங்கள் கிணற்றில் இருப்பது எது என்பதை முதலில் அறிய வேண்டும். வட்டக் கிண்ணங்கள் தென்பட்டால் அது மார்கான்சியாவாக இருக்கலாம். கிண்ணங்களின்றி, இரண்டிரண்டாகக் கிளைத்துச் சிறு வட்டமாகப் படர்ந்திருந்தால் மற்றோர் ஈரலுருத் தாவரமான ரிச்சியாவாக இருக்கக்கூடும். கிணறு இறைத்துச் சுவரைச் சுரண்டுவதற்கு முன்னர் அதனைப் படமெடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து, உள்ளங்கை அளவு பகுதியையாவது அப்படியே விட்டுவையுங்கள்.