கதவோரம் போட்ட பாய்

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறோம். மகனுக்கு 22 வயது. ஆட்டிசம், பேச்சு மிகக் குறைவு. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சேவைகளை ஏற்பாடு செய்யும் ரீஜனல் சென்டர் மூலம் பகல்நேர மையத்துக்குப் போய் வருகிறான். வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பவருக்கு அரசு சம்பளம் கொடுக்கும் ஐ.எச்.எஸ்.எஸ். திட்டத்தில் அவனைக் குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க என்று எனக்கு மணிக்கணக்கில் சம்பளம் வருகிறது. மாநில பட்ஜெட்டில் இதிலெல்லாம் கை வைக்கப் போகிறார்கள் என்று பெற்றோர் குழுவில் பேச்சு. மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு வந்து சட்டமன்றக் கமிட்டி முன் பேசச் சொல்கிறார்கள். என் கணவர், "பிழைக்க வந்த ஊரில் கையேந்தி நிற்பதா?" என்கிறார். எனக்கு ஆங்கிலமும் சரளமாக வராது. மகன் ராத்திரியில் எழுந்து வாசல் கதவைத் திறந்துவிடுவான் என்பதால் ஆறு வருடமாகக் கதவோரம் பாய் போட்டுப் படுக்கிறேன், அந்த அசதி வேறு. நான் ஒருத்தி போய் என்ன ஆகப்போகிறது?

பதில்: பட்ஜெட்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பாயைப் பற்றிப் பேசுவோம்.

ஆறு வருடம் என்றால் இரண்டாயிரம் ராத்திரிக்கு மேல். அசதிக்குக் காரணம் சொல்வதுபோல அதை அரை வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ஐ.எச்.எஸ்.எஸ். மணி நேரத்தை முடிவு செய்யும் மதிப்பீட்டுக்குக் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்திலிருந்து சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வருவாரே, அன்று காலையில் பாயைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்திருப்பீர்கள். பிள்ளைக்கு நல்ல சட்டை போட்டு, வந்தவருக்குக் காபி கொடுத்து, "தூக்கமெல்லாம் எப்படி?" என்றால் "பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறோம்" என்றிருப்பீர்கள். நீங்கள் இதை எழுதவில்லை. ஆனால் குளிப்பாட்டவும் சாப்பாடு கொடுக்கவும் மட்டும்தான் மணி நேரம் வருகிறது என்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது. இப்படி எத்தனையோ தாய்மார்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். வீட்டில் இருக்கிற பாய் ஒருவருடைய கோப்பிலும் இருந்ததில்லை.

உங்கள் மகன் நள்ளிரவில் தெருவுக்குப் போய்விடக் கூடியவன் என்பது அரசாங்கத்தின் கணக்கில் இல்லை. அந்தக் கணக்கில் அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். ஆபத்து எது என்று தெரியாத ஒருவரை 24 மணி நேரமும் கண்காணிப்பதற்கென்றே ஐ.எச்.எஸ்.எஸ்.ஸில் 'புரொடெக்டிவ் சூப்பர்விஷன்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை நீங்கள் கேட்கவே இல்லை. பட்ஜெட்டில் வெட்டுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். ஆறு வருடமாக உங்கள் பிள்ளைக்கு வரவேண்டியதை வெட்டியது நீங்கள்.

இதைத் தியாகம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குக் கோபம்தான் வருகிறது. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கதவோரம் யார் படுப்பது? உங்களுக்கு எழுபது வயதாகும்போது யார்? பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மட்டும் பெற்றவள் கடமை இல்லை. நாம் இல்லாத நாளில் அவனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு உண்மையை எழுதி வைப்பதும் கடமைதான். அதைச் செய்யத் தவறிவிட்டீர்கள்.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, மணி, எழுந்து என்ன செய்தான், எவ்வளவு நேரம் விழித்திருந்தான், எல்லாம் எழுதுங்கள். கவுண்டிக்குப் போன் செய்து மறுமதிப்பீடு கேளுங்கள். அவர்கள் வரும் நாளில் பாய் கதவோரமே கிடக்கட்டும். மறுத்தால், அந்த நோட்டீஸ் கிடைத்த 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

சரி, இப்போது பட்ஜெட். மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்தும் மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்ட் சட்டப்படி நர்சிங் ஹோம் செலவை மாநிலங்கள் கொடுத்தே தீர வேண்டும். வீட்டோடு வைத்துப் பார்க்கும் சேவைகளில் பெரும்பாலானவை மாநிலத்தின் விருப்பம். பணமுடை வந்தால் எதில் முதலில் கை வைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2009-இல் அப்படித்தான் முகாம், விளையாட்டு, பொழுதுபோக்கு வகுப்புகளுக்கு ரீஜனல் சென்டர் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தினார்கள். திரும்ப வந்தது 2021-இல். பத்து வயதில் நீச்சல் வகுப்பை இழந்த பிள்ளைக்கு அது மறுபடி கிடைக்கும்போது வயது 22.

2025 மே மாதம் கவர்னர் நியூசம், ஐ.எச்.எஸ்.எஸ். பராமரிப்பாளர்களின் ஓவர்டைமுக்கு வாரம் 50 மணி நேரம் என்று வரம்பு வைக்கப் பார்த்தார். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் மெடி-கால் (கலிஃபோர்னியாவின் மெடிகெய்ட்) பெற, சொத்து 2,000 டாலரைத் தாண்டக் கூடாது என்றும் முன்மொழிந்தார். சட்டமன்றக் கமிட்டி விசாரணைகளில் பெற்றோரும் பராமரிப்பாளர்களும் மாற்றுத்திறனாளிகளும் மைக் முன்னால் வரிசையில் நின்றார்கள். முடிவில் வந்த பட்ஜெட்டில் அந்த 50 மணி நேர வரம்பு இல்லை. சொத்து வரம்பு 1,30,000 டாலராக ஆனது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

உங்கள் கணவர் சொன்ன 'கையேந்துவது' என்ற வார்த்தையை என்னால் ஏற்க முடியாது. ரீஜனல் சென்டர் சேவை 1969-இல் வந்த லான்டர்மன் சட்டம் உங்கள் மகனுக்குக் கொடுத்த உரிமை. அதற்காக அலைந்து போராடியவர்களும் உங்களைப் போன்ற பெற்றோர்தான். வருமான வரியில் ரீஃபண்ட் வந்தால் அவர் கையேந்தி வாங்கியதாக நினைக்கிறாரா?

ஆங்கிலத்துக்கு வருவோம். கமிட்டி விசாரணையில் ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தாலே அதிகம். "என் பெயர் இது. ஊர் ஃப்ரீமாண்ட். மகன் ராத்திரியில் தெருவுக்குப் போய்விடுவான் என்று ஆறு வருடமாக வாசல் கதவோரம் தரையில் படுக்கிறேன். அவனுக்கான உதவியைக் குறைக்காதீர்கள்." இவ்வளவுதான். சீட்டில் எழுதி வைத்துப் படியுங்கள். ஜூன் 15-க்குள் சட்டமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும், அதற்கு முன் போய்விடுங்கள். மகனையும் கூட்டிப் போங்கள். அவனைப் பற்றிய பேச்சில் அவன் இருக்க வேண்டாமா?

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாரம் அந்தப் பாயில் உங்கள் கணவர் படுக்கட்டும். அவனுக்கு அவரும்தானே அப்பா. சாக்ரமெண்டோவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம், வண்டியை அவரே ஓட்டட்டும். நீங்கள் பின் சீட்டில் கொஞ்சம் தூங்குங்கள்.