யானையா, பன்றியா? – காசுப் பெட்டி கேள்வி பதில்

கேள்வி: அப்பத்தாவின் சுருக்குப்பையில் 1911-ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. தெரிந்த நகைக்கடையில் எடை போட்டதில் 11.52 கிராம். "இது பன்றி ரூபாய், லட்சக்கணக்கில் போகும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "கறுத்துக் கிடக்கே, பாலிஷ் போட்டுத் தரேன்" என்கிறார் கடைக்காரர். யாரை நம்ப?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம் அம்மா. நல்லவேளை, காசின் விளிம்பையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் தலை, பூ இரண்டு பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

முதலில் அந்தப் பன்றிக் கதை. மன்னர் மார்பில் தொங்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. 1911-இல் அச்சு செதுக்கியவர் தும்பிக்கையைக் குட்டையாக விட்டுவிட்டார். பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. இஸ்லாமியர்களிடையே மனக்கசப்பு எழவே, அரசு காசைத் திரும்பப் பெற்று, 1912 முதல் தும்பிக்கை ஒழுங்காகத் தெரியும் யானையைப் போட்டது. உங்கள் காசில் 1911 என்று இருப்பதால் அது பன்றி ரூபாய்தான். ஆனால் நாணயக் கண்காட்சிக்குப் போனால் மூன்று மேசைக்கு ஒரு மேசையில் இது இருக்கும். லட்சமெல்லாம் வெறும் பேச்சு.

அசலா என்பது அடுத்தது. இந்த ரூபாய் அச்சடித்து வெளிவரும்போது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. பல கை மாறிய காசு 0.14 கிராம் இழந்திருப்பது நியாயமான தேய்மானம். யானை மழுங்கிய பிறகும் தராசு 11.66-ஐ அப்படியே காட்டியிருந்தால்தான் நான் நெற்றியைச் சுருக்கியிருப்பேன்.

எடை மட்டும் போதாது, தண்ணீர்ச் சோதனையும் செய்து பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் முழுக்கத் தொங்க விடுங்கள். காசு ஒதுக்கும் நீரின் எடையைத் தராசு காட்டும். உங்கள் காசுக்கு அது 1.11 அல்லது 1.12 கிராம் இருக்க வேண்டும். 1.3-ஐத் தாண்டினால் உள்ளே இருப்பது பித்தளையோ, ஜெர்மன் சில்வர் என்ற வெள்ளியே இல்லாத கலவையோ. வெள்ளி முலாம் கண்ணை ஏமாற்றும், தண்ணீரை ஏமாற்றாது. என் தாத்தா காலத்தில் கல்லில் சுண்டி ஓசை கேட்பார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், விளிம்பு நசுங்கும்.

இனி லென்ஸ். வார்த்து எடுத்த போலியில் எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி போல வழுவழுவென்று இருக்கும். வெற்றுப்பரப்பில் ஊசி குத்தியது போல் பொடிக்குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும். உங்கள் காசில் எழுத்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது, விளிம்பு வரிகளும் சீராக இருக்கின்றன. ஓர் இடத்தைத் தவிர. மன்னரின் கிரீடத்துக்கு நேர் மேலே, நிலக்கடலைப் பருப்பு அகலத்துக்கு வரிகள் அமுங்கி, லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது, பாருங்கள். அது பற்றவைத்த தடம். யாரோ இந்த ரூபாயில் வளையம் வைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள், பிறகு அறுத்து அரம் போட்டிருக்கிறார்கள். அப்பத்தாவைத் தெரிந்த பெரியவர்களிடம் கேளுங்கள், யாருக்காவது நினைவிருக்கும்.

ஆகவே காசு அசல், தரம் அடிபட்டது. இரண்டும் வேறு வேறு. காது மடல், புருவம், தாடி, கிரீடம் ஆகிய மேடான இடங்களின் தேய்மானத்தை வைத்துப் பார்த்தால் இதை 'வெரி ஃபைன்', அதாவது ஓரளவே தேய்ந்த நல்ல தரம், என்று சொல்லியிருப்பேன். விளிம்புத் தடம் இருப்பதால் சேகரிப்பவர் அந்த விலை தரமாட்டார். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கிடைத்தால் சரி.

பாலிஷ்? கூடவே கூடாது. இருபது வயதில், 1862 விக்டோரியா ரூபாய் ஒன்றைப் புளி போட்டுக் கழுவி, விபூதியால் குத்துவிளக்கு மாதிரி தேய்த்துப் பளபளக்க வைத்தேன். பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். வியாபாரி வெளிச்சத்தில் ஒரு தரம் சாய்த்துப் பார்த்தார். மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் மின்னின. "தம்பி, இப்ப இது வெள்ளி, காசு இல்ல" என்றார். கறுப்பு என்று நாம் சொல்வது வெள்ளியில் கந்தகம் படிந்து நூறு வருடமாக உண்டான நிறம். நீலமும் சாம்பலுமாக அது இருப்பதே யாரும் தேய்க்கவில்லை என்பதற்குச் சாட்சி. பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தால் அதிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அந்த மலிவு உறையில் பச்சைப் பிசுக்கு பிடிக்கும்.

கேள்வி: ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு, 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818' என்று இருக்கிறது. அரிசியை இழுக்குமாம். ஒருவர் முன்பணம் கேட்கிறார்.
– வாசகர், வேலூர்

பதில்: கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. பக்தர்களுக்காகப் பிற்காலத்தில் செய்து விற்ற வில்லை அது. முன்பணம் கேட்பவரின் தொலைபேசி எண்ணைக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

கேள்வி: கம்பெனிக் காசில் தமிழ் எழுத்தே கிடையாதா?
– அதே வாசகர்

பதில்: ஏன் இல்லை? 1807-08 வாக்கில் சென்னை நாணயச்சாலையில் அடித்த வெள்ளிக் கால் வராகனைப் பாருங்கள். ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் விண்மீன்கள். மறுபக்கம் விஷ்ணு, 'கால் பூ வராகன்' என்று தமிழிலும் தெலுங்கிலும். எடை பத்தரை கிராமுக்குச் சற்று மேல். இதில் தரம் பார்ப்பது சிக்கல், ஏனென்றால் அடிக்கும்போதே பல காசுகளில் அச்சு சரியாக விழவில்லை. கோபுரம் மங்கலாக இருந்தால் உடனே தேய்ந்தது என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உள்ள விண்மீன்கள் கூர்மையாக இருந்தால் அது அச்சுக் கோளாறு. எல்லாமே ஒன்றுபோல் மழுங்கியிருந்தால்தான் தேய்மானம். உங்களிடம் ஒன்று இருந்தால் படம் அனுப்புங்கள், விளிம்பையும் சேர்த்து.