செயலாளர் இறந்ததும் முடங்கிய சங்கம்

கேள்வி: களியக்காவிளைப் பக்கம், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் சங்கம் எங்களுடையது. தமிழ்நாட்டில் பதிவு செய்தது. 11 வருடமாக ஒருவரே செயலாளர். கணக்கு, பேங்க், பதிவு அலுவலகம் எல்லாம் அவர்தான் பார்த்தார். போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். இப்போது பணம் எடுக்க வழியில்லை. ஏழு பேர் நிர்வாகக் குழுவில் நான்கு பேர்தான் மிச்சம். அவருடைய மகனையே செயலாளர் ஆக்கலாம் என்கிறார்கள். கேரளத்துப் பாறசாலையில் குடியிருக்கும் ஒரு நர்ஸையும் குழுவில் சேர்க்க ஆசை. செய்யலாமா?

பதில்: அவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அத்தனை வேலையும் ஒரே கையில் இருந்ததால்தான் இன்று நோயாளிக்கு மருந்து வாங்கக்கூட நீங்கள் தவிக்கிறீர்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, பிரிவு 15-இன்படி குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அதே ஆளை மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. ஆனால் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இந்த 11 வருடத்தில் மூன்று தேர்தலாவது நடந்து, ஒவ்வொரு முறையும் குழு மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 7 மாவட்டப் பதிவாளருக்குப் போயிருக்க வேண்டும். போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால், மிச்சமுள்ள நால்வர் தங்களுக்குள் பேசி ஆளை நியமித்துக்கொள்ள வேண்டாம். பின்னால் ஒருவர் எதிர்த்தால், பதவி யாருக்கு என்ற சண்டையில் பதிவாளர் தீர்ப்புச் சொல்ல முடியாது. குழித்துறை சிவில் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டிவரும்.

எல்லா உறுப்பினருக்கும் எழுத்தில் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, உறுப்பினர் எல்லோரும் அடங்கிய பொதுக்குழுவைக் கூட்டித் தேர்தல் நடத்துங்கள். மகன் உறுப்பினராக இருந்தால் தாராளமாகப் போட்டியிடட்டும். அப்பா இருந்த பதவி என்பதற்காக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சங்கம் குடும்பச் சொத்து இல்லை. நர்ஸ் கேரளத்தில் குடியிருப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் பைலாவில், அதாவது சங்கத்தின் சொந்த விதிகளில், தடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, முதலில் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறசாலையில் தனிச் சங்கமாகவே தொடங்குவதென்றால் அது 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வரும். அது வேறு கதை.

அதே கூட்டத்தில் பைலாவையும் திருத்திவிடுங்கள். வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் ஆதரித்தால் போதும். என்ன திருத்தம் என்பதை முன்னறிவிப்பிலேயே எழுத வேண்டும். என் அனுபவத்தில் அதிகம் கைகொடுப்பது, மொத்தக் குழுவும் ஒரே நாளில் மாறாமல் ஒவ்வொரு வருடமும் மூன்றில் ஒரு பங்கு பேர் மாறுகிற ஏற்பாடு. பழகியவர் இருக்கும்போதே புதியவர் வேலை கற்றுக்கொள்வார். செயலாளர் பதவி தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒருவருக்கு வேண்டாம். பேங்கில் மூன்று பேர் பெயரைக் கொடுத்து, அதில் எந்த இருவர் கையெழுத்திட்டாலும் செல்லும் என்று தீர்மானம் போடுங்கள். பொருளாளர் செயலாளருக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டாம். கேட்கச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இறந்தவர் வீட்டுக்கு இரண்டு பேராகப் போய், மினிட் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, பதிவுச் சான்று, செக் புக் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, கையெழுத்து வாங்கி எடுத்து வாருங்கள். துக்க வீடு என்று தள்ளிப்போட்டால், வீடு ஒதுக்கும்போது பழைய பேப்பரோடு அவையும் போய்விடலாம்.