மான்சூன்: மழையா, காற்றா?

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘மான்சூன்’ என்றால் மழைக்காலம் என்று வகுப்பில் சொன்னேன். கடல்தொழில் செய்யும் வீட்டு மாணவன் ஒருவன் எழுந்து, “எங்க அப்பா அத காத்துன்னுதான் சொல்வாக, டீச்சர்” என்றான். எது சரி? அச்சொல் எங்கிருந்து வந்தது?

ஆசிரியை ஒருவர், மண்டபம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அச்சொல்லின் ஆதிப் பொருளுக்கு அருகில் நிற்பவன் உங்கள் மாணவன்தான். அரபியில் ‘மவ்ஸிம்’ என்றால் குறித்த காலம். அடையாளமிடுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஹஜ்ஜுக்குரிய காலமும் மவ்ஸிம்தான், பாய்மரக் கப்பல் புறப்படுவதற்குரிய காலமும் மவ்ஸிம்தான். இந்தியப் பெருங்கடலில் அரபு மாலுமிகளிடமிருந்து போர்ச்சுகீசியர் இதைக் கேட்டுத் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொள்ள, அவர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஆங்கிலத்தை அடைந்தது. காலத்தைக் குறித்த சொல், அக்காலத்தில் வீசும் காற்றுக்கு ஆகி, பின்னர் அக்காற்று கொணரும் மழைக்கும் ஆகிவந்தது. இந்தியின் ‘மௌசம்’, மலாயின் ‘முசிம்’ ஆகியவையும் அதே அரபுச் சொல்லே. அவை காற்றின் பக்கம் சாயாமல் பருவம், வானிலை என்ற பொருள்களிலேயே நின்றுவிட்டன.

கீழக்கரை மரைக்காயர்கள் தலைமுறை தலைமுறையாக அரபு நாடுகளோடு வணிகம் செய்தவர்கள். அரபு எழுத்தில் தமிழ் எழுதியவர்கள். அப்படியிருந்தும் இக்கரையில் காற்றுகளின் பெயர்கள் தமிழாகவே நிலைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். திசை தெரியாமல் இங்கே தொழில் நடக்காது: வாடை பலத்தால் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும், கச்சான் காலத்தில் நிலைமை தலைகீழாகும்.

மான்சூனை மழை என்று மட்டும் கற்பித்தால் வேறெங்கையும் விட இராமநாதபுரத்தில்தான் அது பெரும் பிழையாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று இங்கே புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓயாமல் வீசும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை அதன் ஈரத்தைப் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுவிடுவதால் கண்மாய்கள் வறண்டே கிடக்கும். அவை நிறைய வேண்டுமானால் அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவம் வந்தாக வேண்டும். ஆகவே ‘பருவமழை’ என்பதற்கு முன் ‘பருவக்காற்று’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுங்கள். எந்தக் காற்றில் எந்தக் கடலுக்குப் போவார்கள் என்பதை அந்த மாணவனையே வகுப்புக்கு விளக்கச் சொல்லுங்கள்.