62-உம் 41-உம் சேர்ந்தால் 103 ஆவது ஏன்?

கேள்வி: டென்னிஸ் ஆட்டம் ஒன்றுக்கான முன்கணிப்புச் சந்தையில் ஒரு வீரரின் ஒப்பந்தம் 62 சென்ட், எதிராளியுடையது 41 சென்ட் எனக் காட்டுகிறது. விலைதான் வெற்றி வாய்ப்பின் சதவீதம் என்றால் கூட்டுத்தொகை 103 வருவது எப்படி?

பதில்: நீங்கள் பார்த்த இரண்டுமே ஒப்பந்தத்தை வாங்க நீங்கள் தர வேண்டிய விலைகள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வென்றவரின் ஒப்பந்தத்துக்கு 1 டாலர், தோற்றவருடையதற்கு ஒன்றுமில்லை என்பதே இச்சந்தையின் அடிப்படை. ஒருவர் முதல் வீரரை 62 சென்ட்டுக்கும் இன்னொருவர் எதிராளியை 38 சென்ட்டுக்கும் வாங்க முன்வந்தால், இருவர் பணமும் சேர்ந்து சரியாக 1 டாலராகி, ஒரு ஜோடி ஒப்பந்தம் பிறக்கிறது. எனவே எதிராளி 41-க்குக் கிடைக்கிறார் என்பதை, முதல் வீரரை 59-க்கு வாங்க ஆள் இருக்கிறது என்றும் படிக்கலாம். அதாவது, முதல் வீரரின் ஒப்பந்தத்தை வாங்க வருவோர் தரும் விலை 59, விற்க வருவோர் கேட்கும் விலை 62. சந்தையின் கணிப்பு இவற்றின் நடுவே, ஏறத்தாழ 60.5 சதவீதம். மிகுதியாகத் தெரிந்த 3 சென்ட் இந்த இடைவெளியே தவிர, சந்தையை நடத்துவோரின் லாபம் அன்று; அவர்கள் கட்டணத்தைத் தனியே பிடித்துக்கொள்வார்கள்.

பந்தய நிறுவனத்தின் கணக்கு வேறு. அது 1.55, 2.30 என விகிதங்களை (வென்றால் கட்டிய ஒவ்வொரு டாலருக்கும் திரும்பக் கிடைக்கும் தொகை) அறிவித்தால், அவற்றின் தலைகீழ் மதிப்புகள் சதவீதத்தில் 64.5, 43.5, மொத்தம் 108. அந்த 8-இல்தான் அதன் வரும்படி அடங்கியிருக்கிறது. மேலும், அங்கே உங்கள் எதிர்த்தரப்பு அந்த நிறுவனமே. இங்கே உங்களோடு கருத்து வேறுபடும் இன்னொரு பங்கேற்பாளர்.

இனி, விலையைவிட நான் முக்கியமாகக் கருதுவது ஆர்டர்களின் ஆழம், அதாவது ஒவ்வொரு விலையிலும் எத்தனை ஒப்பந்தங்கள் கிடைக்கின்றன என்பது. 62 சென்ட்டில் 40 ஒப்பந்தங்கள் மட்டுமே இருந்து, அடுத்தவை 65-இல் நின்றால், கிடைக்கும் விலைக்கே உடனடியாக வாங்கும் மார்க்கெட் ஆர்டரில் 100 வாங்குபவருக்குச் சராசரி விலை 63.8 ஆகிவிடும். உண்மையான வாய்ப்பு 60.5 என்றால், ஒவ்வொன்றிலும் 3.3 சென்ட் நட்டத்தோடுதான் அவர் தொடங்குகிறார். கட்டணம் அதற்கு மேல். விலையை நாமே நிர்ணயிக்கும் லிமிட் ஆர்டரில் இந்தச் சறுக்கல் இல்லை, ஆனால் ஆர்டர் நிறைவேறும் என்ற உறுதியும் இல்லை.

டிரா ஆகக்கூடிய கால்பந்து போன்ற ஆட்டங்களில், ஓர் அணியின் விலையை 100-இலிருந்து கழித்து மற்றதன் வாய்ப்பைக் கண்டுபிடிக்க இயலாது, ஏனெனில் டிராவுக்கென ஒரு பங்கு உண்டு. டென்னிஸில் டிரா இல்லையென்றாலும், வீரர் காயத்தால் பாதியில் விலகினால் பணம் எப்படித் தீர்க்கப்படும் என்பது ஒவ்வொரு சந்தையின் விதியையும் பொறுத்தது. நம்மில் பலர் அந்த விதியைத் தேடிப் படிப்பது பெரும்பாலும் வீரர் விலகிய பிறகுதான். இத்தகைய சந்தைக்குச் சட்ட அனுமதி உண்டா என்பதும் நாட்டுக்கு நாடு மாறுவதால், கணக்குத் தொடங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆட்டம் முடியும்வரை ஒப்பந்தத்தை வைத்திருக்க வேண்டியதில்லை. 62-க்கு வாங்கியதை, அந்த வீரர் முதல் செட்டை வென்றதும் விலை 80-க்கு ஏறினால், அப்போதே விற்று வெளியேறலாம். ஆனால் நேரலை ஒளிபரப்பு மைதானத்துக்குச் சில விநாடிகள் பின்தங்கியே வருகிறது. ஆட்டம் நடக்கையில் லிமிட் ஆர்டரைப் போட்டுவிட்டு எழுந்து போனால், புள்ளி விழுந்ததை உங்களுக்கு முன்பே அறிந்தவர் அந்தப் பழைய விலையைப் பிடித்துக்கொள்வார்.