முதலில் பெட்டியை விற்கவும்

கேள்வி: அமெரிக்காவில் அஞ்சல் பெட்டி வாடகை, பார்சல் அனுப்புதல் இரண்டுக்குமாக ஒரு கடை திறக்கிறோம். விளம்பரத்தை எப்படித் தொடங்குவது?

பதில்: பெட்டியை முன்னிறுத்துங்கள். பார்சல் கூட்டம் டிசம்பரில் நெரியும், பிறகு வடியும். பெட்டி வாடகைதான் நிலையான வருமானம். வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் வீட்டு முகவரியை வெளியே கொடுக்கத் தயங்குவார்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

அதற்கு முன், பிறருக்கு வரும் தபாலைப் பெற்றுக்கொள்ளும் கடையாகத் தபால் நிலையத்தில் 1583-ஏ படிவம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பெட்டி எடுப்பவர், தன் தபாலை நீங்கள் பெற அனுமதிக்கும் 1583 படிவத்தோடு இரண்டு அடையாளச் சான்று காட்ட வேண்டும். ஒன்றோடு வந்து திரும்பிப் போகிறவர் மறுபடி வருவது சந்தேகம்தான்; ஆகவே துண்டறிக்கையிலேயே இதை அச்சிடுங்கள்.

துண்டறிக்கைக்குத் தபால் துறையின் 'எவ்ரி டோர் டைரக்ட் மெயில்' (ஒரு தடத்தில் உள்ள எல்லா முகவரிக்கும் விளம்பரம் சேர்க்கும் சேவை) போதும். பெயர்ப் பட்டியல் வேண்டாம். தபால்காரர் செல்லும் தடங்களைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. குறைந்தது 200, ஒரு ஜிப் கோடுக்கு (அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்) நாளொன்றுக்கு 5,000 வரை. அட்டை 10.5 அங்குலத்துக்கு மேல் நீளமோ 6.125 அங்குலத்துக்கு மேல் உயரமோ இருக்கட்டும். சாதாரண போஸ்ட்கார்டு அளவில் அடித்தால் ஏற்கமாட்டார்கள். கடை திறந்த பிறகே அனுப்புங்கள். கூகுள் வரைபடப் பதிவை மட்டும் முன்கூட்டியே தொடங்குங்கள், சரிபார்ப்புக்கு நாளாகும்.