சீக்கு உனக்கு, பேரு உங்கம்மாவுக்கா?

கேள்வி: அக்கா வணக்கமுங்க. எனக்கு 32 வயசு, பல்லடத்துக்குப் பக்கம் ஊரு, திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லரா இருக்கறனுங்க. ஆறேழு மாசமா நல்லாத்தான் சாப்பிடறேன், ஆனா 9 கிலோ எறங்கிட்டேன். ராத்திரி படுத்தா நெஞ்சு அடிக்கறது தலகாணில கேக்குது, மார்கழிலயும் ஃபேன் போட்டுட்டு வெறுந்தரையில படுக்கறேன். கை நடுங்குது, ஊசில நூல் கோக்க முடியறதில்ல, பக்கத்து மிஷின் புள்ளதான் கோத்துக் குடுக்குது. முடி கொட்டுதுன்னு மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுட்டு இருக்கறேன். நாளும் தள்ளித் தள்ளி வருது, வந்தாலும் ஒரே நாளோட நின்னுருது. பாப்பா எதாச்சும் கேட்டா சட்டுனு அடிச்சுடறேன். மாமியார் கண்ணு பட்டிருக்குன்னு சென்னிமலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தாங்க. நாத்தனாருக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறாங்க, இப்பப் போயி எனக்கு சீக்குன்னு தெரிஞ்சா நல்லாருக்காது, அதனால ரிப்போர்ட் யார் கண்ணுல பட்டாலும் அம்மாதுன்னு சொல்லிக்கலாம்னு லேப்ல எங்கம்மா பேரும் 58 வயசும் குடுத்து டெஸ்ட் எடுத்தனுங்க. டிஎஸ்எச் 0.01னு வந்திருக்குது. தைராய்டு கம்மின்னு அர்த்தமுங்களா? பக்கத்து வீட்டக்கா அவங்க வெறும் வயித்துல போடற தைராய்டு மாத்திரைய தர்றேங்கறாங்க, போடலாமுங்களா? கண்ணு வெளிய வந்துருமுங்களா? (பேர் வேண்டாமுங்க)

பதில்: அந்த மாத்திரைய வாங்கி வெச்சிருந்தீன்னா இன்னிக்கே திருப்பிக் குடுத்துரு அம்மணி. அது தைராய்டு கம்மியா சுரக்கறவங்களுக்குக் குடுக்கற தைராக்சின், உன் ரிப்போர்ட்டும் நீ சொல்ற தொந்தரவும் சேத்துப் பாத்தா உனக்கு எச்சா சுரக்குது, அதை நீ போட்டா எரியற அடுப்புல இன்னும் நாலு விறகு சொருகுன மாதிரி. டிஎஸ்எச்ங்கறது தைராய்டு சுரக்கற ஹார்மோன் இல்ல, மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு வேலை செய்யச் சொல்லி அனுப்பறது, ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மேல போச்சுன்னா பிட்யூட்டரி அனுப்பறத நிறுத்திக்கும், அதனாலதான் சுமாரா 0.4ல இருந்து 4 வரைக்கும் இருக்க வேண்டியது 0.01க்கு வந்து கெடக்குது. இந்த நம்பர் கம்மியா இருக்கறத பாத்துட்டு தைராய்டு கம்மின்னு நெனச்சுக்கறது நீ மட்டும் இல்ல, எனக்கு வர்ற லெட்டர்ல பாதிப் பேரு இப்படித்தான் நெனச்சுட்டு இருக்கறாங்க.

இனி எனக்குக் கோவம் வந்த இடத்துக்கு வர்றேன். நெஞ்சு படபடப்பு, நூல் கோக்க முடியாதது, எடை எறங்குனது எல்லாம் வெசனப்பட்டு எழுதியிருக்கற, அம்மா பேரும் வயசும் குடுத்தேங்கறத மட்டும் போற போக்குல எழுதிட்டுப் போயிட்ட. அது ஒண்ணுந்தான் எனக்குப் பெருசாத் தெரியுது. ஒரு டாக்டர் அந்தப் பேப்பரை கைல வாங்குனா அவருக்கு முன்னால 58 வயசு அம்மா ஒருத்தர் இருக்கறாங்க, 58 வயசுக்காரிகிட்ட கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனீங்கன்னு யாரு கேப்பா? உன்கிட்ட முதல்ல கேக்க வேண்டிய கேள்வியே அதுதான். நாள் தள்ளிப் போறது தைராய்டாலயும் இருக்கும், வயித்துல புள்ள தங்குனதாலயும் இருக்கும், அத பாக்காம எந்த மாத்திரையும் ஆரம்பிக்கக் கூடாது. இந்த சீக்குக்கு வழக்கமாக் குடுக்கற கார்பிமசோல் கர்ப்பத்தோட முதல் ரெண்டு மூணு மாசத்துல கொழந்தைக்கு ஊனம் உண்டாக்கலாம், அந்த நேரத்துக்குன்னு வேற மாத்திரை இருக்குது. கதிர்வீச்சு மருந்து குடுத்து எடுக்கற தைராய்டு ஸ்கேனும் கர்ப்பமா இருக்கறப்ப எடுக்க மாட்டாங்க. வைத்தியமே இல்லாம விட்டாலும் கரு கலையறது, மாசத்துக்கு முந்தியே பொறக்கறதுன்னு ஆபத்து உண்டு. இத்தனையும் உன் வயசைப் பாத்து முடிவு பண்ற விஷயம், நீ அந்த வயசையே மாத்தி எழுதிக் குடுத்திருக்கற.

அப்புறம் உங்கம்மா. பெத்தவளுக்கே தெரியாம அவ பேருல ஒரு சீக்க எழுதி வெச்சிருக்கறயே, நாளைக்கு அவங்க நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போயி அதே லேப்ல பழைய ரிப்போர்ட்ட எடுத்துக் குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சயா? இத நான் சின்னத் தப்புன்னு விட மாட்டேன்.

நாத்தனார் கல்யாணம் முக்கியந்தான், அந்தப் புள்ளைக்கு நல்ல எடம் அமையோணும், நீயும் முன்னால நின்னு சீர் செய்யோணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. அண்ணிக்குத் தைராய்டுன்னு தெரிஞ்சா வேண்டாம்னு போற குடும்பம் போகட்டும், அந்த வீட்டுல குடுத்தா அந்தப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட மறைச்சுத்தான் வாழோணும். மருமக சீக்கை மறைச்சு வெச்சு குடும்ப மானத்தைக் காப்பாத்தறது கடமைன்னு நம்ம பக்கம் பொம்பளைங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல, நான் அத கடமைன்னு ஒத்துக்கவே மாட்டேன். மாசாமாசம் உன் சம்பளம் அந்த வீட்டுக்குத்தான போகுது, அப்ப உன் ஒடம்பைப் பாக்கற பொறுப்பும் அந்த வீட்டுக்குத்தான்.

இன்னொண்ணு, இவ்வளவு பெரிய லெட்டர்ல உன் வீட்டுக்காரரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மாமியார் இருக்கறாங்க, நாத்தனார் இருக்கறாங்க, பக்கத்து மிஷின் புள்ளகூட வந்துட்டுது, கட்டுனவரைக் காணோம். பொண்டாட்டி 9 கிலோ எறங்குனது தெரியாம ஒரு மனுசன் கூடவே இருக்கறாருன்னா அது அவர் தப்பு, ஆனா தெரியாம பாத்துக்கறது நீ. அவர்கிட்ட சொல்லு. ஒரு நாள் வேலைய விட்டுட்டு உன்கூட ஆஸ்பத்திரி பெஞ்சுல வந்து உக்காரட்டும், அதுக்குத்தான் ஊரைக் கூட்டித் தாலி கட்டுனது. உன் மாமியாரை நான் குறை சொல்லல, அவங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் சென்னிமலை, மருமக வாடறத பாத்துக் கூட்டிட்டாவது போயிருக்கறாங்க, விஷயத்தைச் சொன்னா ஆஸ்பத்திரிக்கும் அவங்களே வருவாங்கன்னு எனக்குத் தோணுது.

டெஸ்ட்ட உன் பேருல, உன் வயசுல மறுபடி எடு. டிஎஸ்எச் மட்டும் பத்தாது, தைராய்டே சுரக்கற ஹார்மோனுங்க ஃப்ரீ டி4, டி3 ரெண்டும் வேணும். முடிக்குப் போடற மாத்திரைன்னு எழுதியிருக்கறயே, அட்டைல பயோட்டின்னு போட்டிருக்குதான்னு பாரு, பயோட்டின் எச்சா இருந்தா சில லேப் மிஷின்ல டிஎஸ்எச் பொய்யாக் கம்மியாவும் டி4 பொய்யா எச்சாவும் காட்டும். ரத்தம் குடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முந்தியே அத நிறுத்திரு, டாக்டர்கிட்டயும் சொல்லிரு. உனக்கு இருக்கற தொந்தரவெல்லாம் பாத்தா ரிப்போர்ட் பொய்யா இருக்கும்னு நான் நெனைக்கல, இருந்தாலும் சந்தேகமில்லாம தெரிஞ்சுக்கோணும்.

எச்சா சுரக்குதுன்னு ஆனப்புறம் எதனாலன்னு பாக்கோணும், இங்கதான் நிறையப் பேரு அவசரப்படறாங்க. ஒடம்புலயே உண்டாகற ஒரு ஆன்டிபாடி தைராய்டைப் புடிச்சு முடுக்கறதுதான் ரொம்பப் பேருக்கு இருக்கற காரணம், கிரேவ்ஸ் நோய்னு பேரு, 1835ல டப்ளின்ல ராபர்ட் கிரேவ்ஸ்ங்கற டாக்டர் நெஞ்சு படபடப்பும் கழுத்து வீக்கமுமா வந்த மூணு பொம்பளைங்களைப் பாத்து எழுதி வெச்சாரு. அதுக்கு டிஆர்ஏபின்னு ரத்த டெஸ்ட் இருக்குது. கழுத்துக் கட்டியாலயும் வரும். வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறமோ பிரசவத்துக்கு அப்புறமோ தைராய்டு வீங்கி, சேத்து வெச்சிருந்த ஹார்மோன் ஒழுகறதும் உண்டு, அது தானாவே அடங்கிரும், அதுக்குக் கார்பிமசோல் பிரயோஜனமே இல்ல. அதனால மெடிக்கல்ல போயி ரிப்போர்ட்ட காட்டி மாத்திரை கேக்காத. ஊர்ல பொது டாக்டர் போதும்னு நெனைக்காம ஒரு தடவை ஹார்மோன் டாக்டரைப் பாத்துரு.

காசுக்கு யோசிக்காத. கம்பெனில இ.எஸ்.ஐ. புடிக்கறாங்கன்னா உன் சம்பளத்துல 100க்கு 0.75 ரூவா போகுது, கம்பெனி 3.25 ரூவா போடுது, அந்த வைத்தியம் உன் உரிமை. டிஸ்பென்சரில இருந்து எழுதிக் குடுத்தா கோயமுத்தூர் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரைக்கும் போகலாம். டாக்டர் லீவு எழுதுனா, தகுதிக்கு வேண்டிய நாள் சந்தா கட்டியிருந்தா வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதம் வரும். இதெல்லாம் உன் பேருல போனாத்தான், அம்மா பேப்பரை நீட்டுனா ஒண்ணும் நடக்காது. இ.எஸ்.ஐ. இல்லைன்னா திருப்பூர், பெருந்துறை, கோயமுத்தூர்னு மூணு எடத்துலயும் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்குது.

கிரேவ்ஸ்னு வந்து மாத்திரை ஆரம்பிச்சா முதல் வாரத்துலயே எல்லாம் நின்னுரும்னு எதிர்பாக்காத. சேத்து வெச்ச ஹார்மோன் தீரோணும், மூணு நாலு வாரமாச்சும் ஆகும், அதுவரைக்கும் நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் புரோப்ரனலால் குடுப்பாங்க, உனக்கு வீசிங் இருந்தா அத முன்னாலயே சொல்லிரு. டி4 சரியானப்புறமும் டிஎஸ்எச் சில மாசம் கம்மியாவே நிக்கும், அத பாத்து பயந்துக்காத. வழக்கமா 12ல இருந்து 18 மாசம் போடோணும், கை நடுக்கம் நின்னு நீயே நூல் கோக்க ஆரம்பிச்சதும் மாத்திரையை நிறுத்தறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. நிறுத்துனா திரும்ப வந்துரும், முழுசாப் போட்டும் பாதிப் பேருக்குத் திரும்ப வர்றதுண்டு, அப்ப ரேடியோ அயோடின், ஆபரேஷன்னு வழி இருக்குது. விட்டுட்டா இதயம் தாறுமாறா அடிக்க ஆரம்பிக்கும், எலும்பும் தேயும்.

இத நல்லா ஞாபகம் வெச்சுக்கோ, வீட்டுல மத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கோணும். கார்பிமசோல் போடறப்ப காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தா அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டு ரத்தத்துல வெள்ளை அணு எத்தனைன்னு பாக்கோணும், ரொம்ப அபூர்வமாத்தான் குறையும், ஆனா குறைஞ்சா உசுருக்கே ஆபத்து. கண்ணு மஞ்சளா ஆனாலும் அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போகோணும். மறைச்சு மாத்திரை போடறவ ராத்திரி காய்ச்சல்ல கெடந்தா வீட்டுல என்ன செய்வாங்க? சாதாக் காய்ச்சல்னு கஷாயம் வெச்சுக் குடுப்பாங்க.

பாப்பாவை அடிக்கறதுல பாதி இந்த சீக்கு பண்ற வேலை, வைத்தியம் பாத்தா கோவம் கொறையும். ஆனா அந்தப் புள்ளைக்கு அது தெரியாது. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, உன் மேல தப்பில்லன்னு மடியில போட்டுச் சொல்லு. நாளைக்கு அவ பெரியவளானப்புறம் உங்க வீட்டுல யாருக்காச்சும் தைராய்டு இருந்துச்சான்னு டாக்டர் கேப்பாங்க, இது குடும்பத்துல வர்ற சீக்கு, அவளுக்குப் பதில் தெரிஞ்சிருக்கோணும்.

கண்ணு எல்லாருக்கும் வெளிய வராது. கிரேவ்ஸ் இருக்கறவங்கள்ல கொஞ்சப் பேருக்குத்தான் கண்ணுல தொந்தரவு வரும், அதுலயும் ரொம்ப மோசமாப் போறது கம்மி. பீடி சிகரெட் புகை அத எச்சாக்கும், வீட்டுக்காரர் பீடி குடிக்கறவரா இருந்தா வீட்டுக்குள்ள கூடவே கூடாதுன்னு சொல்லிரு. கண்ணு செவந்து உறுத்துனா, ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டு. வீட்டுக்காரர்கிட்ட பேசறத நாத்தனார் நிச்சயம் முடியட்டும்னு வெச்சுக்காத, இன்னிக்குப் பொழுதோட ஷிப்ட் முடிஞ்சு போனதும் பேசிரு.